உடைந்த பீங்கானில் உயர்ந்த கோபுரங்கள்

குசினியில் பீங்கான் உடைந்தால் கூட்டியள்ளி வீசிவிடுவோம். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், வாட்ஸ் பகுதியில் வாழ்ந்த இத்தாலியத் தொழிலாளி சைமன் ரொடியா அப்படி வீசவில்லை. 1921 முதல் 33 வருடங்கள் தனியொருவராக, சாரம்கூடக் கட்டாமல், தன் வீட்டு வளவிலே இரும்பை வளைத்துக் கம்பிவலை சுற்றி, சீமெந்து பூசி, பீங்கான், போத்தல், சிப்பித் துண்டுகளைப் பதித்தார். அயல் சிறுவர்கள் பொறுக்கி வந்து கொடுத்தவையும் அவற்றில் உண்டு. மிகப் பெரிய கோபுரம் ஏறக்குறைய 100 அடி!

1956இல் வீடு எரிந்தது. கோபுரங்கள் ஆபத்தானவை என்று மறு வருடமே இடிக்க உத்தரவிட்டது மாநகர நிர்வாகம். காப்பாற்ற முன்வந்தவர்கள் பரீட்சித்துப் பார்க்கக் கேட்டனர். 1959 ஒக்டோபரில் 10,000 இறாத்தல் விசையோடு இழுத்தார்கள். கோபுரம் சாயவில்லை, இழுத்த பொறிதான் பழுதானது! உத்தரவும் கைவிடப்பட்டது.

ரொடியாவோ 1955இலேயே வளவை அயலவருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். 1965இல் காலமாகும்வரை அங்கே குடிவரவில்லை.