அறுந்த கம்பியும் அறாத குரலும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில், காவிரி இரு கிளைகளாய்ப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம் என்று பெயர் பெறுகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடே நகரை நோக்கி வருகிறது. கிழக்கே கல்லணையருகில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. இடையே கிடக்கும் நிலந்தான் திருவரங்கமும் திருவானைக்காவும் அடங்கிய தீவு. ஆறு வற்றிக் கிடக்கும் மாதங்களில் நாம் அதனைத் தீவென்று நினைப்பதே இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் சற்று நேரத்தில் அம்மா மண்டபத்தில் இறங்கிவிடுகிறோம். நடுவில் ஒரு பாலம் உண்டு என்பதும் மறந்துபோகிறது.

ஆறு நிரம்பும்போதுதான் நினைவு திரும்புகிறது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் பெருகி ஓடியது. அம்மாதம் 18-ஆம் நாள், 1928-இல் கட்டப்பெற்ற பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. கனரக வண்டிகள் செல்லாதபடி அது முன்னரே மூடப்பட்டிருந்தது; அருகில் புதிய பாலமும் இருந்தது. நான்கு நாட்கள் கழித்து, 22-ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. சர் ஆர்தர் காட்டன் 1830-களில் எழுப்பிய அணை அது. அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்தருகே கரையேறிற்று. டெல்டா மாவட்டங்களில் இலட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. நூறாண்டு நின்றது நாளையும் நிற்கும் என்ற உறுதி எவருக்கும் இல்லை என்பதை அந்த ஓராண்டு நமக்குக் கற்பித்தது.

மின்சாரம் நின்றால் விளக்கு மட்டும் அணைவதில்லை. நம் கையிலுள்ள பேசியும் ஊமையாகிறது. ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கைப்பேசியின் நிலையும் அதுவே. கருவி நம் கையில் இருக்கிறது; அதன் உயிரோ எங்கோ நிற்கும் கோபுரத்தில் இருக்கிறது. கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரமே தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர வேண்டும். அதற்குப் பாதை வேண்டும். பாதையோ நீரில் மூழ்கியிருக்கும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை நகரம் கண்டது இதைத்தான். பல பகுதிகளில் பெற்ற பிள்ளை உயிரோடிருக்கிறானா என்று அறியவும் வழியின்றிக் குடும்பங்கள் தவித்தன.

ஆர்வலர் கூட்டம்

இத்தகைய வேளையில் பேசக் கூடியவர் சிலர் உலகெங்கும் இருக்கிறார்கள். 'ஹாம்' என்று அழைக்கப்பெறும் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் அவர்கள். இவர்களுக்கு இது தொழில் அன்று; ஊதியமும் இல்லை. அரசு நடத்தும் தேர்வில் வென்று, உரிமமும் தமக்கென ஓர் அழைப்புக் குறியும் பெற்று, சொந்தச் செலவில் கருவி அமைத்து, வானலை வழியே பிற ஆர்வலரோடு உரையாடுகிறவர்கள். இந்தியாவில் 1921 முதலே இவர்கள் உண்டு. மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற ஆர்வலரே.

நேபாள நாட்டில் பல்லாண்டுகள் ஒலித்த ஒரே அமெச்சூர் குரல் ஓர் இயேசு சபைக் குருவினுடையது. சிக்காகோவில் 1906-இல் பிறந்த தந்தை மார்ஷல் மோரன், 1951-இல் காட்மாண்டு அருகே கோதாவரியில் புனித சவேரியார் பள்ளியைத் தொடங்கியவர். பகலெல்லாம் பள்ளிப் பணி பார்த்த அக்குரு, '9-என்-1-எம்-எம்' என்ற குறியோடு வானலையில் உலகத்தாரை அழைத்தார். 1992-இல் அவர் இறக்கும்வரை, அவர் குரலைக் கேட்பதற்காகவே இரவு விழித்திருந்த ஆர்வலர் எண்ணிறந்தோர்.

அந்தமானில் நிகழ்ந்தது

பொழுதுபோக்கு எவ்வாறு உயிர்க்காவல் ஆகிறது என்பதற்கு 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை சான்று. தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் அவ்வாண்டு டிசம்பரில் ஒரு குழுவினரோடு போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். அந்தமானிலிருந்து அமெச்சூர் வானொலி ஒலிபரப்ப 1987-க்குப் பின் அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. 'வி-யு-4-ஆர்-பி-ஐ' என்ற குறியோடு அவர் உலகெங்குமுள்ள ஆர்வலரோடு பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் நிலம் குலுங்கிற்று. தொலைபேசிகள் ஓய்ந்தன. அம்மையார் தம் கருவியைத் திறந்த வெளியில் அமைத்து மறுபடி பேசத் தொடங்கினார். பொழுதுபோக்கு நிலையம் அந்தக் கணமே அவசர நிலையமாயிற்று. தீவில் பிழைத்திருப்போரின் செய்தி நிலப்பகுதியிலுள்ள உறவினருக்குச் சென்றது. உறவினரின் கேள்வி தீவுக்கு வந்தது. பேரழிவுக்குள்ளான கார் நிக்கோபாரிலும் ஆர்வலர்கள் நிலையம் அமைத்தனர்.

இலங்கையிலும் அவ்வாறே. விக்டர் குணதிலக்க முதலிய ஆர்வலர்கள், அலை சிதைத்த அம்பாந்தோட்டையைக் கொழும்போடு சிற்றலை வானொலியால் இணைத்தார்கள்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த அம்மையார் அவ்வேளையில் அங்கே இருந்தது தற்செயல். பதினேழாண்டுக் காலம் அங்கிருந்து எழாத குரல், பேரலைக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் எழுந்தது. அனுமதி ஒரு மாதம் பிந்தியிருந்தால் அந்தக் காலையில் போர்ட் பிளேரில் அக்கருவியும் இல்லை. அதை இயக்கத் தெரிந்த கையும் இல்லை. அந்தமானில் தற்செயலாய் வாய்த்ததை நம் ஊரில் திட்டமிட்டு அமைத்துக்கொள்ளலாகாதா? இதுவே நம் கேள்வி.

கை மாறும் செய்தி

குரலால் பேசிய ஆர்வலர்கள் இப்போது இன்னொரு வழியையும் கையாளுகிறார்கள். அதனை வலைப்பின்னல் முறை எனலாம். கிணற்றிலிருந்து தீப்பற்றிய கூரை வரை ஊரார் வரிசையாய் நின்று குடத்தைக் கை மாற்றுவதைக் கண்டிருக்கிறோம். ஒருவர் களைத்து விலகினால் அடுத்தவர் ஓரடி நகர்ந்து வாங்கிக்கொள்வார், நீர் நிற்பதில்லை. வலைப்பின்னலின் தத்துவமும் அதுதான்.

வீடுகளில் இணையத்திற்காக வைத்திருக்கும் வைஃபை பெட்டியை ஒத்த சிறு கருவிகளை மாடிகளில் நிறுத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் பாட்டரியும் ஒரு சூரியத் தகடும் போதும். ஒவ்வொரு பெட்டியும் தனக்குத் தென்படும் அண்டைப் பெட்டிகளைத் தானே கண்டுகொள்கிறது. செய்தி சிறு துண்டுகளாகிப் பெட்டிக்குப் பெட்டி தாவிச் செல்கிறது. நடுவில் ஒன்று பழுதானால், செய்தி வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஆளும் ஒரே கோபுரம் என்பது இங்கில்லை. ஆகவே ஒன்று விழுந்தால் எல்லாம் விழும் என்பதும் இல்லை. முகாமில் தங்கியோரின் பெயர்ப் பட்டியல், தேவையான மருந்தின் பெயர், உடைந்த கரையின் புகைப்படம் யாவும் இவ்வலையில் செல்லும். அமெரிக்க ஆர்வலர்கள் 'ஏ-ஆர்-இ-டி-என்' என்ற பெயரில் இத்தகைய வலைகளைப் பல நகரங்களில் அமைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 2005-ஆம் ஆண்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களில் உரிமமின்றிப் பயன்படுத்த அரசு இசைந்தது. உடனே இமயமலைச் சாரலில் உள்ள தர்மசாலையில் ஒரு வலைப்பின்னல் எழுந்தது. நம் தமிழகத்திலோ, தேனி மாவட்டத்துக் கிராமக் கண் மையங்களை அரவிந்த் கண் மருத்துவமனை நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்துக்கொண்டது. நோயாளி கிராமத்தில் அமர்ந்தபடியே நகரத்து மருத்துவரோடு பேசினார். இவை பேரிடருக்காக அமைந்தவை அல்ல. எனினும் மலையும் தூரமும் தடையல்ல என்று காட்டியவை. 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் மிகக் குறைந்த மின்னாற்றலில் குறுஞ்செய்தியைப் பல கிலோமீட்டர் அனுப்பும் உள்ளங்கையளவுக் கருவிகளும் இப்போது உள்ளன.

நம் ஊருக்குப் பொருந்துமா?

இந்த அலைகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றையொன்று பார்க்கும் இடங்களுக்கிடையேதான் அவை நன்கு செல்லும். மழையில் நனைந்து நிற்கும் தென்னந்தோப்பு அவற்றை விழுங்கிவிடும். ஆகவே உயரம் வேண்டும். நம் ஊருக்கு உயரத்தில் குறைவில்லை. மலைக்கோட்டைப் பாறை ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுடையது. தடையற்ற சமவெளியில் அவ்வுயரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குக் குறையாமல் பார்வை எட்டும் என்பது கணக்கு. மேற்கே முக்கொம்பும் கிழக்கே கல்லணையும் அவ்வட்டத்திற்குள் அடங்கும். திருவரங்கமோ ஆற்றின் அக்கரையில் கண்ணெதிரே நிற்கிறது. 1987-இல் நிறைவுற்ற அதன் இராசகோபுரம் 236 அடி உயரம். கோபுரங்களின் மீது கருவி வைக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஒரு பள்ளியின் மூன்றாம் மாடி, ஒரு மருத்துவமனையின் நீர்த்தொட்டி, அக்கரையில் ஒரு மாடி என ஐந்தாறு இடங்கள் ஒன்றையொன்று பார்த்தால், பாலம் மூடினாலும் தீவின் குரல் கரையேறும்.

ஆயினும் பெட்டிகள் மட்டும் போதா. எந்தத் தெருவில் படுத்த படுக்கையாய் ஒரு மூதாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பது பெட்டிக்குத் தெரியாது. அதை அறிந்தவர்கள் நம் பங்குகளில் வீடு வீடாய்ச் செல்லும் வின்சென்ட் தெ பவுல் சபையினரும், மரியாயின் சேனையினரும், ஒவ்வொரு தெருவிலும் உள்ள நல்லெண்ணம் படைத்த பிற சமயத்தாருமே. அவர்கள் அறிந்ததை ஆர்வலரின் கருவி ஆட்சியாளரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். சுருங்கச் சொல்லவும் பழக வேண்டும். 'இங்கே நிலைமை மோசம்' என்பது செய்தியாகாது. நாள், நேரம், இடம், எத்தனை பேர், என்ன தேவை, சொல்பவர் யார் என்ற ஆறும் அடங்கியதே செய்தி. அதைக் கேட்டவர் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். தவறிருந்தால் அனுப்பியவர் திருத்த வேண்டும்.

வெள்ளம் வந்த பிறகு இவற்றைக் கற்க முடியாது. ஆகவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மகனோ மகளோ பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு அமர்ந்திருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அமெச்சூர் வானொலித் தேர்வைப் பற்றிச் சொல்லுங்கள். மின்னியலின் அடிப்படையும் வானலை விதிகளுமே அதன் பாடம்; பள்ளி மாணவர் பலர் எழுதி வென்றிருக்கிறார்கள். அத்தேர்வு விளம்பரம் செய்யவோ வாணிகம் பேசவோ இடந்தராத ஒரு தூய பழக்கத்துக்கு வாயில். பங்கு இளைஞர் மன்றங்கள் ஆண்டுக்கொரு முறை, பருவமழைக்கு முன்னர், கைப்பேசிகளை அணைத்துவைத்து, அக்கரைக்கு ஒரு செய்தியைக் கருவியால் மட்டுமே அனுப்பிப் பார்க்கலாம். பாட்டரி தாங்குகிறதா, சொல் பிசகாமல் சேர்கிறதா என்பது அன்று தெரிந்துவிடும்.

1977 நவம்பரில் நகருக்குள் புகுந்த வெள்ளத்தை மூத்தோர் இன்னும் மறக்கவில்லை. 2005-இல் நேர்ந்ததை இளையோரும் அறிவர். காவிரி நம்மை ஊட்டும் தாய். ஆனால் அவள் கரை மீறும் இரவு இனி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவ்விரவில் தீவின் ஒரு மாடியிலிருந்து ஒருவர் அழைக்கும்போது, இக்கரையில் ஒருவர் விழித்திருந்து 'கேட்கிறது, சொல்லுங்கள்' என்று விடையளிக்க வேண்டும். அந்த ஒருவரை ஆயத்தம் செய்யும் காலம் ஆறு அமைதியாய் ஓடும் இந்நாட்களே.