தொழிலாளரின் குருவானவர் ஜோசப் கார்டைன்



ஏழைகளுக்குக் கொடுப்பது சபைக்குப் புதிதல்ல. ஆனால் வாங்குகிறவனை உட்காரவைத்து, அவனைப் பேசவிட்டு, அவனையே தன் தோழருக்கு ஊழியக்காரனாக்குவது அபூர்வம். அப்படிச் செய்த பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க குருவானவர் ஜோசப் கார்டைனைப் பற்றி இவ்விதழில் எழுத விரும்புகிறேன். நம் வாசகர்களில் பலர் கத்தோலிக்கர் அல்லர் என்பதை அறிவேன். அதனால் குறைவு ஒன்றும் இல்லை. அவர் கேட்ட கேள்வி எல்லாச் சபைகளுக்கும் உரியது.

1882 நவம்பர் 13-இல் பிரஸ்ஸெல்ஸ் நகரத்தை ஒட்டிய ஸ்கார்பேக்கில் அவர் பிறந்தார். வளர்ந்தது ஹாலே என்னும் சிற்றூரில். தகப்பனார் நிலக்கரி விற்றுப் பிழைத்த எளிய மனிதர். பள்ளி முடித்த பையன்கள் ஆலைக்குப் போவதுதான் அங்கே வழக்கம். ஜோசப்பும் போக வேண்டிய நாள் நெருங்கியபோது, ஓர் இரவு வெறுங்காலோடு மாடியிலிருந்து இறங்கிவந்து, தான் குருவாகப் படிக்க விரும்புவதாகப் பெற்றோரிடம் சொன்னார் என்பார்கள். சம்பாதிக்க வேண்டிய மகனைப் படிக்கவைப்பது என்றால் அந்த வீட்டுக்கு இரட்டைச் சுமை. பெற்றோர் அதைச் சுமக்க ஒப்புக்கொண்டார்கள்.

விடுமுறைக்கு வீடு வந்தபோது அவருக்கு ஒரு பேரிடி காத்திருந்தது. உடன் படித்த நண்பர்கள் இப்போது ஆலைத் தொழிலாளிகள். அவர்கள் இவரைக் கண்டு விலகினார்கள். குருவானவர்கள் முதலாளிகளின் பக்கம் சேர்ந்தவர்கள். நீயும் அங்கே போய்விட்டாய் என்பதே அவர்களுடைய எண்ணம். சில வருஷங்களுக்கு முன் கோவிலில் கூடவே முழங்காற்படியிட்ட பிள்ளைகள்! 1903-இல் உழைத்து ஓய்ந்துபோன தகப்பனார் மரித்தார். அந்த மரணப்படுக்கையின் அருகில், தம் வாழ்நாள் முழுவதையும் தொழிலாளருக்கே கொடுப்பதாக ஜோசப் பொருத்தனை பண்ணினார்.

அக்காலத்து நிலைமையைச் சற்று விளக்க வேண்டும். போப் பதின்மூன்றாம் லியோ 1891-இல் தொழிலாளர் நிலையைக் குறித்து ஒரு சுற்றுமடல் எழுதி, நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் வேண்டும் என்று போதித்திருந்தார். மடல் வந்துவிட்டது, மனங்கள் மாறவில்லை. அதே பெல்ஜியத்தில் ஆல்ஸ்ட் ஊர்க் குருவானவர் அடால்ஃப் டான்ஸ், தொழிலாளருக்காகப் பாராளுமன்றம் வரை சென்று பேசியவர், மேலதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகித் தம் குருத்துவப் பணியையே இழந்தார்.

கார்டைன் 1906-இல் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தபின், 1912-இல் பிரஸ்ஸெல்ஸின் லேக்கன் பங்குக்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டார். ஒரு பக்கம் அரசருடைய அரண்மனை. மறுபக்கம் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகள். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை பெண்கள் மத்தியில். தையல் வேலை பழகும் சிறுமிகளைக் கூட்டி, அவர்களுக்குப் பிரசங்கம் பண்ணாமல் கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாய்? கூலி என்ன? உன் பக்கத்தில் இருப்பவள் ஏன் அழுகிறாள்? விசாரித்து வந்து சொல் என்பார். மதலேன் டி ரூ என்ற பெண்மணி அங்கே அவருக்குத் துணைநின்றார். லியேஜ் நகரில் தையற்பெண்களுக்குச் சங்கம் கண்ட விக்தோவார் காப் அம்மையாரோடும் சேர்ந்து உழைத்தார்.

இதிலிருந்து பிறந்ததுதான் உலகறிந்த அவருடைய முறை: பார், தீர்ப்பிடு, செயல்படு. மருத்துவமனையைத் தாங்குகிற உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நோயாளியைப் பரிசோதியாமல் மருந்து எழுதுகிற வைத்தியரிடம் நாம் போவோமா? முதலாவது பார்க்க வேண்டும்: கூலி, வேலை நேரம், வீடு, அவமானம் எல்லாவற்றையும் உள்ளபடி. அடுத்து, தேவன் இந்த மனிதனுக்கு நினைத்தது இதுதானா என்று சுவிசேஷத்தின் வெளிச்சத்தில் நிதானிக்க வேண்டும். தீர்ப்பிடுதல் என்றால் இங்கே ஆளைக் குற்றவாளியாக்குவதல்ல. பிறகு, சிறியதானாலும் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். இம்மூன்றையும் செய்கிறவர் தொழிலாளியே. குருவானவர் அருகில் நிற்பார், அவ்வளவே.

நம்மைப் போலக் கொடுக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கிற இடம். அந்நாட்களில் வசதியுள்ள கத்தோலிக்கர் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று மன்றங்கள் நடத்தினார்கள். விளையாட்டு உண்டு, பக்தி உண்டு, நல்ல மனது உண்டு. ஆனால் மறுநாள் காலை ஆலைக்குள் நடப்பதைக் குறித்து அங்கே பேச்சில்லை. ஞாயிறு மாலை மிட்டாய், திங்கள் முதல் அதே பன்னிரண்டு மணி நேரம் என்றால், கொடுத்தது அன்புதான், ஆனால் நீதி அல்ல என்று கார்டைன் கண்டார். இளம் தொழிலாளி ஒருவன் உலகத்துப் பொன் முழுவதிலும் விலையேறப்பெற்றவன், அவன் தேவனுடைய பிள்ளை என்பதை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தைப் பிடித்த ஜெர்மானியர் அவரை இருமுறை சிறையிலிட்டார்கள். போருக்குப் பின் ஃபெர்னான் டோனே, பால் கார்சே, ஜாக் மீர்ட் என்னும் மூன்று வாலிபரோடு இயக்கத்தைக் கட்டியெழுப்பினார். வகுப்புப் போராட்டத்தைச் சபைக்குள் கொண்டுவருகிறார் என்று பலர் முறையிட்டார்கள், பேராயருக்கும் தயக்கம். 1925-இல் கார்டைன் ரோமாபுரிக்குப் போய்ப் போப் பதினோராம் பயஸைக் கண்டு விஷயத்தைச் சொன்னார். திருச்சபை தொழிலாளர் கூட்டத்தை இழந்துவருவதே பெரிய இடறல் என்று உணர்ந்திருந்த போப், அவரை ஆசீர்வதித்து அனுப்பினார். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் அவ்வாண்டே உறுதியாக நின்றது. பின்பு பல நாடுகளில் பரவி இந்தியாவுக்கும் வந்தது. 1957-இல் ரோமில் கூடிய இளம் தொழிலாளர் சுமார் 30,000 பேர்.

இதற்குக் கிரயமும் செலுத்தப்பட்டது. 1942-இல் நாத்சிகள் கார்டைனை மறுபடியும் காவலில் வைத்தார்கள். அவர் விடுதலையானார். டோனேயும் கார்சேயும் 1945-இல் டாக்காவ் வதைமுகாமில் உயிர்விட்டார்கள்.

1961-இல் போப் இருபத்துமூன்றாம் யோவான் வெளியிட்ட சமூகச் சுற்றுமடல், பார்த்தல், தீர்ப்பிடல், செயல்படல் என்ற மூன்று படிகளையும் எல்லாருக்கும் உரிய முறையாகவே எடுத்துரைத்தது. லேக்கனில் தையற்சிறுமிகள் செய்த விசாரணை போப்பின் மடலில் ஏறிவிட்டது! 1965-இல், தம் 82-ஆம் வயதில், கார்டைன் கர்தினால் ஆக்கப்பட்டார். அவ்வாண்டே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுந்து மதச் சுதந்தரத்துக்காகப் பேசினார்.

1967 ஜூலையில் லூவேன் நகரில் அவர் காலமானார். லேக்கன் தேவமாதா ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பெல்ஜியம் நாட்டு அரசர்களின் கல்லறைகள் இருப்பதும் அந்த ஆலயத்தில்தான். நிலக்கரி வியாபாரியின் மகன் 1912-இல் உதவிக் குருவாக வந்து சேர்ந்ததும் அதே பங்குக்குத்தான்.