கிட்டப் போனால் புள்ளி. எட்ட நின்றால் பூ!

எங்கள் ஆபீசில் கணக்குப் புத்தகத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் போதும், மெமோ வந்துவிடும்! ஆனால் புள்ளியை மட்டுமே நம்பிப் பூவையும் ஆளையும் வரைந்தவர்கள் உண்டு.

முதலில் மாதுங்கா பூக்கடைக்கு வாருங்கள். பூக் கட்டும் அம்மா கனகாம்பரத்துக்கு நடுவே பச்சை மருக்கொழுந்தை வைக்கிறார். "அப்பத்தான் பூ எடுப்பா இருக்கும் தம்பி" என்கிறார்.

சாயத்தில் குறையா?

இதே சங்கதியைப் பாரீசில் ஒரு ரசாயன அறிஞர் ஆராய்ந்தார். பெயர் ஷெவ்ரோல். கோபெலின் நெசவுச் சாலையின் சாயப் பிரிவுத் தலைவர். கறுப்புச் சாயம் எடுபடவில்லை என்று புகார் வந்தது. சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை மங்க வைத்தது! 1839-ல் இதைப் புத்தகமாக்கினார்.

அதைப் படித்தவர் ஓவியர் சூரா. நிறங்களைத் தட்டில் குழைக்காமல், தனித்தனிப் புள்ளிகளாக வைத்தார். கலக்கும் வேலையை நம் கண்ணுக்கே விட்டுவிட்டார். 1886-ல் பாரீஸ் கண்காட்சியில் அவரது பெரிய படம் ஊரையே பேச வைத்தது. உயரம் சுமார் 2 மீட்டர், அகலம் 3 மீட்டர். 31 வயதில் அவர் காலமானார்.

கூலிக்குக் காசு இல்லை

அதே 1886-ல் பாரீஸ் வந்து சேர்ந்தார், ஹாலந்துக்காரர் வான்கோ. ஆளை உட்கார வைத்து வரையக் கூலி கொடுக்கக் காசு இல்லை. சோர்ந்துவிடவில்லை. பூக்களை வரைந்து வரைந்து நிறம் பழகினார்.

1887-ல் புள்ளி முறையில் ஒரு சாப்பாட்டுக் கடையை வரைந்தார். சுவரில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். மேஜை மேல் பூங்கொத்துகள். சாப்பிட ஒருவர்கூட இல்லை! ஹாலந்தில் ஒட்டர்லோ அருங்காட்சியகத்தில் அந்தப் படம் இருக்கிறது.

வான்கோவுக்குச் சோறு போட்டது யார்? தம்பி தியோ. பாரீசில் ஓவியம் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அண்ணனின் சாப்பாடு, சாயம், துணி எல்லாம் தம்பியின் சம்பளத்தில்தான். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு, அந்தத் தம்பியைப் புரியாதா?

இந்தப் பத்திரிகையின் வண்ணப் படம் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அதுவும் வெறும் புள்ளிகள்தான். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கையை நீட்டிப் பிடியுங்கள். முகம் தெரியும்!

நாம் அனுப்பும் பணமும் அப்படித்தான். இங்கிருந்து பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளி. ஊரில் அது ஒரு குடும்பம்.