தமிழ்நாட்டுக் காற்பந்தில் பயிற்றுநர் மாற்றங்களும் கூட்டிணைவு மாற்றமும்

தமிழ்நாட்டுக் காற்பந்தில் பயிற்றுநர் மாற்றங்களும் கூட்டிணைவு மாற்றமும் என்னும் இக்கட்டுரை, 2014 முதல் சென்னையையும் கோயம்புத்தூரையும் களமாகக் கொண்டு ஆடிய இரு தொழில்முறைக் கழகங்களின் வரலாற்றை, அவை ஆடிய கூட்டிணைவுகளின் ஏற்ற இறக்கத்தோடு சேர்த்து விளக்குகிறது. கூட்டிணைவு என்பது லீக் என்று பரவலாக அறியப்படும் தொடர் போட்டி அமைப்பாகும். சென்னையின் எஃப்சி, சென்னை சிட்டி எஃப்சி ஆகிய இவ்விரு கழகங்களும் ஓராண்டு இடைவெளியில் நாட்டின் இருவேறு கூட்டிணைவுகளில் வாகை சூடின. அவற்றுள் ஒன்று இன்றும் முதல்நிலைப் போட்டியில் ஆடுகிறது. மற்றொன்று வாகை சூடிய மூன்றாம் பருவத்தில் தேசியக் கூட்டிணைவை விட்டே மறைந்தது. இவ்வேறுபாட்டை ஆடுகளத்தில் நடந்தவற்றைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது.

பின்னணி

இந்தியாவில் நாடு தழுவிய காற்பந்துக் கூட்டிணைவு 1996இல் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவு என்ற பெயரில் தொடங்கியது. அதில் தமிழ்நாட்டின் முகமாக விளங்கியது இந்தியன் வங்கி அணி. வங்கிகள், காவல்துறை, தொடர்வண்டித் துறை போன்றவை விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்திய காலம் அது. அவ்வணிகளில் ஆடியவர்கள் அந்நிறுவனங்களின் ஊழியர்களாகவே இருந்தனர். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் அதே அணிக்குப் பயிற்றுநர் ஆவதும் இயல்பாக நடந்தது.

2007இல் இக்கூட்டிணைவு ஐ-லீக் என மாற்றியமைக்கப்பட்டது. அதன் முதற் பருவங்களில் தமிழ்நாட்டுக் கழகம் எதுவும் இடம்பெறவில்லை. இதற்கிடையே 2010 திசம்பரில் அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு, ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் மதிப்புள்ள வணிக உரிமை ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. பின்வந்த மாற்றங்கள் யாவற்றுக்கும் வேர் இந்த ஒப்பந்தமே. அதன் விளைவாக 2014 அக்டோபரில் எட்டு அணிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. இதில் அணிகள் உரிமத் தொகை செலுத்தி இடம்பெற்றன. கடைசி இடத்தைப் பெற்ற அணி கீழ்நிலைக்கு இறக்கப்படவில்லை.

சென்னையின் எஃப்சி

ஆறாம் வேற்றுமை உருபோடு முடியும் இப்பெயர் தமிழ் வாக்கியங்களில் சற்று இடறும். எனினும் அதுவே கழகத்தின் முறையான பெயர். 2014இல் தோற்றுவிக்கப்பட்ட இக்கழகத்தின் உரிமையாளர்களுள் நடிகர் அபிசேக் பச்சன், விட்டா தானி, துடுப்பாட்ட வீரர் மகேந்திரசிங் தோனி ஆகியோர் அடங்குவர். சென்னை நேரு விளையாட்டரங்கம் இதன் தாயகக் களமாகும்.

முதற் பயிற்றுநர் மார்க்கோ மத்தராசி, 2006 உலகக்கோப்பையை வென்ற இத்தாலிய அணியில் ஆடியவர். முதற் பருவத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் ஒருசேரப் பணியாற்றினார். 2015ஆம் ஆண்டுப் பருவம் இவரது காலத்தின் உச்சம். புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அவ்வாண்டு திசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தமையால் தாயக அரையிறுதி ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊரில் ஆட முடியாத அவ்வாட்டத்தில் அணி கொல்கத்தாவை 3-0 என வென்றது. திசம்பர் 20 அன்று கோவாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தின் 89ஆம் நிமிடம் வரை 1-2 எனப் பின்தங்கியிருந்தும், கடைசி நிமிடங்களில் கிடைத்த இரு கோல்களால் 3-2 என வாகை சூடியது. வெற்றிக் கோலை அடித்தவர் கொலம்பியாவின் இசுடிவென் மென்டோசா. அடுத்த பருவத்திலோ அணி எட்டில் ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. 2017இல் மத்தராசி விலகினார்.

அவருக்குப் பின் வந்த ஜான் கிரிகோரி, இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கழகத்தின் முன்னாள் மேலாளர். 2018 மார்ச்சு 17 அன்று பெங்களூரில், பெங்களூரு அணியை அதன் சொந்தக் களத்திலேயே 3-2 என வென்று இரண்டாம் கோப்பையைப் பெற்றுத் தந்தார். மைல்சன் ஆல்வெசு இரு கோல்களையும் ரபேல் அகசுட்டோ ஒரு கோலையும் அடித்தனர். ஆனால் 2018–19 பருவத்தில் அதே கழகம், அதே பயிற்றுநரின் கீழ், 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுப் பத்தாவதும் கடைசியுமான இடத்தை அடைந்தது.

கிரிகோரி உடனே நீக்கப்படவில்லை. அடுத்த பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே அணி வென்ற நிலையில், 2019 நவம்பர் இறுதியில் அவர் விலகினார். ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார். பருவத்தின் நடுவில் பயிற்றுநரை மாற்றுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை என்பது பொதுவான கருத்து. இங்கு அது பொய்த்தது. அணி நான்காம் இடத்துக்கு உயர்ந்து இறுதியாட்டம் வரை சென்றது. கொரோனா தொற்றின் காரணமாகப் பார்வையாளர் எவருமின்றி 2020 மார்ச்சு 14 அன்று நடந்த அவ்வாட்டத்தில் கொல்கத்தாவிடம் 1-3 எனத் தோற்றது.

பருவம் முடிந்ததும் கோய்ல் ஜம்சேத்பூருக்குச் சென்றார். முன்னணிக் கோல் வீரரான லித்துவேனியாவின் நெரியஸ் வால்சுகிசும் உடன் சென்றார். 2021–22 பருவத்தில் ஜம்சேத்பூர் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றது. சென்னையின் எஃப்சியில் சாபா லாஸ்லோ, போசிதார் பண்டோவிச், தாமஸ் பிர்தாரிச் என ஆண்டுக்கொருவர் வந்து போயினர். அம்மூன்று பருவங்களிலும் அணி பெற்றது எட்டாம் இடமே. 2023இல் கோய்ல் மீண்டும் அழைக்கப்பட்டார்; ஆறாம் இடம் கிடைத்தது. 2024–25இல் பதினோராம் இடத்துக்கு இறங்கிய பின் அவரும் பிரிந்தார்.

சென்னை சிட்டி எஃப்சி

இக்கழகத்தின் வேர் 1946 வரை செல்கிறது. 2016–17 பருவத்தில் நேரடி அனுமதி மூலம் ஐ-லீக்கில் சேர்ந்தது. முதலில் ராபின் சார்லஸ் ராஜாவும் பின்னர் வி. சௌந்தரராஜனும் பயிற்றுநர்களாக இருந்தனர். இருவரும் தமிழ்நாட்டவர். முதல் இரு பருவங்களிலும் எட்டாம் இடமே கிடைத்தது. எனினும் இக்காலத்தில் மைக்கேல் சூசைராஜ், எட்வின் சிட்னி வான்சுபால் முதலிய தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் நாடறியும் வாய்ப்பைப் பெற்றனர். 2017–18 முதல் கழகம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டது.

2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுநரானார். பந்தைக் காலிலேயே வைத்திருந்து குறுகிய கடத்தல்களால் முன்னேறும் ஆட்டமுறையை அவர் கொண்டுவந்தார். அதற்கேற்ப எசுப்பானியாவிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தனர். அவர்களுள் பெத்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச்சு 9 அன்று, பருவத்தின் கடைசி நாளில், மினர்வா பஞ்சாப் அணியைக் கோயம்புத்தூரில் 3-1 என வென்று கழகம் வாகை சூடியது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு 42. சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் அவ்வாண்டு இக்கழகத்தின் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியிருந்தது.

இரு கழகங்களையும் ஒரே பருவத்தில் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 2018–19இல் சென்னையின் எஃப்சி தன் கூட்டிணைவில் கடைசி; சென்னை சிட்டி தன் கூட்டிணைவில் முதல். முன்னதற்கு இறக்கம் இல்லை, பின்னதற்கு ஏற்றம் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் புவனேசுவரத்தில் இரு கூட்டிணைவுகளின் அணிகளும் கலந்த சூப்பர் கோப்பைப் போட்டியில் சென்னை சிட்டி, சூப்பர் லீக் வாகையரான பெங்களூரு அணியை 2-1 என வீழ்த்தியது. பின்னர் அரையிறுதியில் கோவாவிடம் தோற்றது. இறுதியாட்டத்தில் அதே கோவாவிடம் தோற்றது சென்னையின் எஃப்சி.

2020 சனவரியில் ஆசிய வாகையர் கூட்டிணைவின் தகுதிச் சுற்றில் சென்னை சிட்டி, பகுரைனின் ரிஃபா கழகத்திடம் 0-1 எனத் தோற்றது. அம்மாதமே மான்சி சப்பானியக் கழகமொன்றுக்குச் சென்றார். வான்சுபால் 2019இலேயே சென்னையின் எஃப்சியில் சேர்ந்திருந்தார். நவாசுக்குப் பின் மற்றொரு சிங்கப்பூரரான சத்தியசாகரா 2020–21 பருவத்தை நடத்தினார். 2021–22 ஐ-லீக்கில் இக்கழகம் இடம்பெறவில்லை.

அதிகாரம் இடம்மாறிய விதம்

இரு கூட்டிணைவுகளும் 2017–18 முதல் ஒரே காலத்தில் இணையாக நடந்தன. ஐ-லீக்கை இருமுறை வென்றிருந்த பெங்களூரு கழகம் அப்போதே சூப்பர் லீக்குக்கு மாறிக்கொண்டது. ஆசிய வாகையர் கூட்டிணைவுக்கான இடம் அதுவரை ஐ-லீக் வாகையருக்கே உரியதாயிருந்தது; சூப்பர் லீக்குக்கு அதற்கடுத்த நிலையிலிருந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இடம் தரப்பட்டது.

2019 அக்டோபரில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு ஒரு வழித்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலைக் கூட்டிணைவானது, இடங்கள் தலைகீழாயின. ஐ-லீக் வாகையர் 2022–23 பருவம் முதல் உரிமத் தொகையின்றி மேலேறலாம் என்றும், 2024–25 முதல் ஏற்றமும் இறக்கமும் முழுமையாக நடைமுறைக்கு வரும் என்றும் கூறப்பட்டது. ஏற்றம் நடந்தது: பஞ்சாபும் முகமதன் இசுபோர்ட்டிங்கும் மேலேறின. இறக்கமோ 2024–25 பருவ முடிவிலும் நடைபெறவில்லை. சென்னை சிட்டி வாகை சூடியது, ஏற்றம் திறக்கப்படுவதற்கு நான்கு பருவங்கள் முன்னதாக.

பெருங்கழகங்கள் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. 2020இல் மோகன் பகான் கொல்கத்தாவின் சூப்பர் லீக் கழகத்துடன் இணைந்தது. ஈஸ்ட் பெங்காலும் அவ்வாண்டே உள்ளே வந்தது. திரளான ஆதரவாளர்களைக் கொண்ட கழகங்களுக்குக் கதவு திறந்ததும், அவை இல்லாத இளங்கழகம் வெளியே நின்றதும் தற்செயல் எனக் கொள்வது கடினம்.

இந்தியப் பயிற்றுநர்களின் நிலை

கூட்டிணைவின் தகுதி உயர்ந்தபோது அதில் பயிற்றுநராகும் வாய்ப்பு உள்நாட்டவருக்குக் குறுகியது. 2016–17இல் ஐசால் கழகத்தை ஐ-லீக் வாகையராக்கிய காலித் ஜமீல், சூப்பர் லீக்கில் நிலையான தலைமைப் பயிற்றுநராக அமர்த்தப்பட்டது 2021இல்தான். அப்பொறுப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 2025 ஆகத்து மாதத்தில் அவர் இந்திய அணியின் பயிற்றுநரானார். இந்தியன் வங்கிக்கும் நாட்டுக்கும் ஆடிய சையது சாபிர் பாஷா, சென்னையின் எஃப்சியில் பல பயிற்றுநர்களுக்குத் துணையாக இருந்தவர். 2022 பெப்ரவரியில் பண்டோவிச் நீக்கப்பட்டபோது, பருவம் முடியும் வரையான இடைக்காலப் பொறுப்பு மட்டுமே அவருக்குக் கிட்டியது. அக்கழகத்தின் முதல் நிலையான இந்தியத் தலைமைப் பயிற்றுநர், 2025இல் அமர்த்தப்பட்ட கோவாவின் கிளிஃபர்ட் மிராண்டா ஆவார்.

கல்லூரிக் காற்பந்துடன் ஒப்பீடு

கூட்டிணைவு மாற்றமும் பயிற்றுநர் மாற்றமும் பின்னிக் கிடப்பதற்கு உலகில் மிகப் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தாகும். அது கையால் பந்தை ஏந்தி ஆடும் வேறொரு விளையாட்டு. அங்கே பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டணிகளில் சேர்ந்து ஆடுகின்றன. தொலைக்காட்சி வருவாயைக் கூட்டணியே பகிர்ந்தளிக்கிறது. வருவாய் மிகுந்த இடத்துக்கு அவை தாமே மாறிக்கொள்கின்றன. 2024இல் டெக்சாசும் ஒக்லகோமாவும் தென்கிழக்குக் கூட்டணிக்கும், தென் கலிபோர்னியா முதலியன பிக் டென் கூட்டணிக்கும் மாறின; நூற்றாண்டு பழைமையான பசிபிக் கூட்டணியில் இரு பல்கலைக்கழகங்களே எஞ்சின. பயிற்றுநர்களும் இவ்வாறே மாறுகின்றனர். அலபாமாவின் நிக் சேபன் 2024 சனவரியில் ஓய்வுபெற, வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் அவ்விடத்துக்குப் பெயர்ந்தார்.

தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி அணி யாரோடு ஆடும் என்பதை அதன் பல்கலைக்கழக இணைப்பே முடிவுசெய்கிறது. மேல்விஷாரத்தில் 1965இல் நிறுவப்பட்ட சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்தபோது அப்பகுதியின் ஏனைய கல்லூரிகளோடு அதற்கு மாற்றப்பட்டது. ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி மாணவர்கள் அதன்பின் பல்கலைக்கழக அணியில் இடம்பெறச் சென்னைக் கல்லூரிகளோடு போட்டியிட வேண்டியதில்லை. அதே வேளையில் அக்கல்லூரிகளோடு முறையாக ஆடும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லாது போயிற்று. இம்மாற்றம் அரசின் சட்டத்தால் நேர்ந்தது, காற்பந்தை எண்ணி எவரும் செய்ததன்று. பெரும்பாலான கல்லூரிகளில் அணியைப் பயிற்றுவிப்பவர் உடற்கல்வி இயக்குநரே ஆதலால், தோல்விக்காகப் பயிற்றுநரை மாற்றுதல் என்ற வழக்கமும் இங்கில்லை.

ஒப்பந்தத்தின் முடிவு

2010இன் வணிக உரிமை ஒப்பந்தம் 2025 திசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பித்தல் குறித்து உடன்பாடு ஏற்படாமையால், 2025–26 பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக அவ்வாண்டு சூலையில் சூப்பர் லீக் நிருவாகம் அறிவித்தது. ஆகத்தில் சென்னையின் எஃப்சி உள்ளிட்ட சில கழகங்கள் தம் பணிகளை நிறுத்திவைத்தன. பருவம் இறுதியில் 2026 பெப்ரவரியில் தொடங்கியது. 14 அணிகளும் ஒன்றையொன்று ஒருமுறை மட்டுமே எதிர்கொள்ளும் வகையில் ஆட்டங்கள் 91 ஆகக் குறைக்கப்பட்டன.