சரக்கு இழுக்க ஜீப்பா, லாரியா?

கூட்டுறவுச் சங்கம் ஒன்று சரக்குப் போக்குவரத்துக்குச் சொந்தமாக வாகனம் வாங்க எண்ணும்போது, நிர்வாகக் குழுவில் ஒரு கேள்வி எழும். நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப் ஒன்றை வாங்கி அதன் பின்னால் டிரெய்லர் பூட்டிக்கொள்வதா, அல்லது லாரியே வாங்கிவிடுவதா என்பதே அது. ஜீப் சேற்றிலும் மணலிலும் செல்லும், சங்கத்தின் மற்ற அலுவல்களுக்கும் உதவும் என்பர் சிலர். லாரியாயின் ஒரே நடையில் அதிகச் சரக்குப் போகும் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விவாதத்தில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது, ஒரு வண்டி எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பதன்று. எவ்வளவு பாரத்தோடு பத்திரமாக நிற்கும் என்பதே தெரிவுக்குரிய அளவுகோல்.

முதலில் இழுவையைப் பார்ப்போம். சரக்குடன் 2 டன் எடையுள்ள டிரெய்லரைச் சமமான தார்ச்சாலையில் மெதுவாக இழுத்துச் செல்லச் சுமார் 30 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். இருபதடி தூரத்துக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் இத்துடன் 100 கிலோ கூடும். பத்தடிக்கு ஓரடி உயரும் மலைப்பாதையிலோ 200 கிலோ கூடும். இவ்வளவு விசையைத் தாழ்ந்த கியரில் ஜீப் எளிதாகவே தரவல்லது. "நமது ஜீப் இழுத்துவிட்டதே" என்று பலர் நம்பிக்கை கொள்வதற்குக் காரணம் இதுவே.

விசை என்ஜினில் பிறந்தாலும், டயர் தரையைப் பற்றினால்தான் அது பயன்படும். பெரும்பாலான லாரிகளில் பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியை உந்துகின்றன. காலி லாரி ஈரக் களிமண்ணில் இறங்கினால், பின்புறம் போதிய பாரமின்மையால் அச்சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழலும். ஜீப்பில் நான்கு சக்கரங்களும் இயங்குவதால் வண்டியின் முழு எடையும் பிடிப்புக்கு உதவுகிறது. ஆகவே மழைக்காலத்தில் தோட்டத்திலிருந்து சாலை வரை சிறு பாரத்தைக் கொண்டுவர ஜீப்பே தகுதியுடையது.

நிறுத்துவது வேறு கணக்கு. வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக் ஏற்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடங்கி நின்ற டிரெய்லர், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப்பைப் பின்னிருந்து தள்ளும். ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் உழைக்கும் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை வண்டியை உதாரணமாகக் கொள்ளலாம். தனிப் பிரேக் பொருத்திய டிரெய்லராயின் 3,500 கிலோ வரை அது இழுக்கலாம். பிரேக் இல்லாத டிரெய்லராயின் 750 கிலோவே வரம்பு. வண்டியும் ஒன்றே, என்ஜினும் ஒன்றே. டிரெய்லரில் பிரேக் இல்லை என்ற ஒரே காரணத்தால், அனுமதித்த பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இதை நமது சரக்கில் வைத்துப் பார்ப்போம். நம் நாட்டில் அழுத்திக் கட்டிய பஞ்சுப் பேல் ஒன்றின் எடை 170 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 240 கிலோ என்று கொண்டால், 750 கிலோ வரம்புக்குள் மூன்று பேல்களையே ஏற்றலாம். இருபது பேல்களை நூற்பாலைக்கு அனுப்ப ஏழு நடை ஆகும். இருபது பேல்களின் மொத்த எடை 3,400 கிலோ. நடுத்தர லாரி ஒன்று டிரெய்லரே இல்லாமல் இவற்றை ஒரே நடையில் கொண்டு சேர்த்துவிடும்.

மற்றொன்று, வண்டியின் நீளம். ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. மஹிந்திரா தார் வண்டியின் 2020ஆம் ஆண்டு மூன்று கதவு வகையில் இது 2,450 மில்லிமீட்டர். இத்தகைய குட்டை வண்டியைக் கனமான டிரெய்லர் பக்கவாட்டில் ஆட்டிவிடக்கூடும். சரக்கை டிரெய்லரின் பின்பகுதியில் குவித்தால் இந்த ஆட்டம் அதிகரிக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் விழும்படி சரக்கை அடுக்குவது முறை.

மலைப்பாதைகளில் இவ்வெச்சரிக்கை இன்னும் அவசியம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2 டன் ஜீப்பும் 2 டன் டிரெய்லரும் சேர்ந்து ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி, நூறு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இதில் ஒரு பகுதியை என்ஜின் ஏற்றுக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கனரக லாரிகளில் காற்றுப் பிரேக் உண்டு. அவற்றோடு பூட்டும் டிரெய்லருக்கும் காற்றுக்குழாய் செல்வதால், குழாய் அறுந்தாலும் டிரெய்லரின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

டிராக்டர் இருக்கையில் வேறு வாகனம் எதற்கு என்று சில அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். வயலிலிருந்து களத்துக்கும் கிட்டங்கிக்கும் அது மிக ஏற்றது. ஆயினும் அதன் வேகம் குறைவாதலால், தொலைவிலுள்ள ஆலைக்கும் சந்தைக்கும் நாள்தோறும் செல்ல அது உகந்ததன்று.

இனி முடிவு செய்யும் முறை. முதலில், ஓராண்டில் சங்கம் அனுப்பும் சரக்கின் எடையையும், ஒரு நடையில் போக வேண்டிய அளவையும் கணக்கேட்டிலிருந்து எடுத்துக்கொள்க. இரண்டாவதாக, பாதையில் எத்தனை கிலோமீட்டர் மண்சாலை, எத்தனை தார்ச்சாலை, எவ்வளவு மலை என்று பிரித்துக் குறித்துக்கொள்க. மூன்றாவதாக, வாகனம் செய்தோர் கையேட்டில் குறித்துள்ள இழுவை வரம்பை, பிரேக் உள்ள டிரெய்லருக்கும் இல்லாததற்கும் தனித்தனியே பார்க்க. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். அதற்கும் காப்பீட்டுக்கும் ஆகும் செலவைச் சேர்த்துக்கொள்க.

இவ்வாறு கணக்கிட்டால் பெரும்பாலும் விடை தெளிவாகும். சிறு பாரம், கெட்ட பாதை, குறுகிய தூரம் என்றால் ஜீப் போதும். ஓரிரு டன்னுக்கு மேற்பட்ட சரக்கு நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்வதாயின் லாரியே தக்கது. அத்தகைய சரக்கு ஆண்டில் சில வாரங்களே இருக்குமாயின், லாரியை வாடகைக்கு அமர்த்துவது சிக்கனம். விலை மலிவு என்று ஜீப்பை வாங்கி லாரியின் பாரத்தை அதன் பின்னால் பூட்டுவதற்கு மட்டும் எந்தக் குழுவும் இசையலாகாது. மீதமாகும் பணம் சங்கத்தைச் சேரும். அதனால் வரும் ஆபத்தோ ஓட்டுநரையும், உடன் செல்லும் சுமைத் தொழிலாளரையும், எதிரே வருவோரையும் சேரும்.