றிசேவில் கிடந்த பிடி: பழைய மோட்டார் சைக்கிளும் பெற்றோல் கணக்கும்

கடந்த மாரியில் ஓர் இரவு, காய்ச்சல் கண்ட பிள்ளையொன்றையும் அதன் தகப்பனாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு படுவான்கரையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தோம். இருபுறமும் வயல். இயந்திரம் இரண்டு தரம் விக்கியது, பிறகு நின்றுவிட்டது. றிசேவில் போடலாம்தானே என்று கையைக் கீழே கொண்டுபோனோம். பிடி ஏற்கெனவே றிசேவில் கிடந்தது! இரண்டு நாளைக்கு முன்னர் வண்டியை இரவல் கொண்டுபோனவர் திருப்பிவிட்டுச் சொல்ல மறந்திருந்தார். பார்க்காமல் ஏறியது எமது பிழை. யானை இறங்கும் அந்த வீதியில் ஏறத்தாழ ஒரு கட்டை தூரம் தள்ளிய பின்னரே ஓர் உழவு இயந்திரம் வந்து சேர்ந்தது. பிள்ளை சுகமாகிவிட்டது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பின்னர் பாதைக்குக் காத்துநிற்கும் தொல்லை இல்லை; தாங்கி வற்றிக் கிடந்தால் பாலம் இருந்தென்ன?

எமது குடும்பங்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகள். இடம்பெயர்ந்தபோது விட்டுப்போய், திரும்பி வந்து திருத்தி எடுத்தவையும் உண்டு. இரண்டு மூன்று கை மாறி வந்தவையும் உண்டு. பலவற்றில் பெற்றோல் அளவு காட்டும் முள்ளே இல்லை. இருப்பவற்றிலும் அது எப்போதோ செத்துப்போயிருக்கும்.

றிசேவ் என்பது வேறொரு சிறு தாங்கி என்றே பலர் நினைக்கிறார்கள். தாங்கி ஒன்றுதான். பிடியோடு சேர்ந்து ஒரு சிறு குழாய் தாங்கிக்குள்ளே மேல்நோக்கி நிற்கிறது. பிடி ‘ஓன்’ இல் இருக்கும்போது அக்குழாயின் நுனி வழியாகவே பெற்றோல் இறங்கும். மட்டம் நுனிக்குக் கீழே போனதும் ஓட்டம் நிற்க, இயந்திரம் விக்கும். ‘றெஸ்’ பக்கம் திருப்பினால் அடியிலுள்ள துவாரம் திறந்து, மிஞ்சிக் கிடப்பது இறங்கும். குளத்தின் மேல்மடையும் கீழ்மடையும் போலத்தான். மிஞ்சுவது வண்டிக்கு வண்டி வேறுபடும். பெரும்பாலும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும்.

இவ்வண்டிகளுக்கு அந்த விக்கல்தான் எச்சரிக்கை. பெற்றோல் அடித்ததும் பிடியை ‘ஓன்’ இற்குக் கொண்டுவராவிட்டால், அடுத்த முறை விக்கும்போது தாங்கியில் ஒன்றுமிராது. இரவல் கொடுத்த வண்டி திரும்பி வந்தால் முதலில் பிடியைப் பாருங்கள்.

லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று அறியத் தாங்கியை வாய்வரை நிரப்ப வேண்டும் என்பார்கள். அதற்குக் காசு வேண்டுமே! வேறு வழி உண்டு. வண்டி விக்கியவுடன் மீற்றரிலுள்ள இலக்கத்தைப் பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதுங்கள். றிசேவில் பெற்றோல் செட்டுக்குப் போய்ச் சரியாக 2 லீற்றர் அடித்து, பிடியை ‘ஓன்’ இற்குத் திருப்பி, மறுபடி விக்கும்வரை ஓடுங்கள். அப்போதுள்ள இலக்கத்தையும் எழுதுங்கள். இரண்டு தரமும் மட்டம் குழாயின் நுனியில் நிற்பதால், இடையில் எரிந்தது அந்த 2 லீற்றர்தான். வித்தியாசம் 90 கிலோமீற்றர் என்றால் லீற்றருக்கு 45. நெல் மூட்டையோடு மணல் வீதியில் அவ்வளவு கிடைக்காது. அதைத் தனியாக ஒரு தரம் அளந்துகொள்ளுங்கள்.

இந்தக் கணக்கின் பெறுமதி 2022 இல் தெரிந்தது. அவ்வாண்டு யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் தந்தார்கள். தன் வண்டியின் ஓட்டம் தெரிந்தவர் வயலுக்கு எத்தனை நடை, சந்தைக்கு எத்தனை நடை என்று பிரித்து வைத்தார். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் துவக்கி மண்ணெண்ணெயில் ஓடிய காலமும் இருந்தது.

மீற்றர் கம்பி அறுந்திருந்தால் ஒரு காய்ந்த மூங்கிற் சிம்பு போதும். தாங்கி வெறுமையாய் இருக்கும் ஒரு நாளில் வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, லீற்றர் லீற்றராக ஊற்றி, நனைந்த இடத்தைக் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். தாங்கியின் அடியில், வண்டிச் சட்டத்தின் மேல் உட்காருவதற்காக நடுவே ஒரு மேடு உண்டு. சிம்பு அதில் முட்டினால் அடியிலுள்ளது தெரியாது. சற்றுச் சரித்து, எப்போதும் ஒரே பக்கமாக விடுங்கள். தீக்குச்சி, குப்பி விளக்கு, பீடி ஒன்றும் கிட்ட வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து அடுப்படிவரை போகும்.

அந்த மேட்டினாலேயே, பிடி இல்லாத பக்கத்தில் கொஞ்சம் பெற்றோல் தேங்கிவிடுவதுண்டு. றிசேவும் வற்றினால், வண்டியைப் பிடி உள்ள பக்கமாக நன்றாகச் சரித்து நிமிர்த்துங்கள். தேங்கியது இந்தப் பக்கம் வழிந்து, சிறிது தூரமாவது கொண்டுபோகும். அன்றிரவு எமக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நெடுநாள் நின்ற வண்டியின் தாங்கிக்குள் துருவும் தண்ணீரும் சேரும். வாவிக் காற்றில் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பெற்றோலிலும் பாரமானதால் அடியில் கிடக்கும். றிசேவில் போட்டதும் முதலில் இறங்குவது அதுதான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பகலில், வீட்டுக்குக் கிட்ட, றிசேவில் ஓட்டிப் பாருங்கள். விக்கி நின்றால் அடிப்பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் இறக்குங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும்.

தாங்கியில் பெற்றோலும் உண்டு, பிடியும் சரி, ஆனாலும் கொஞ்சம் ஓடி நிற்கிறதென்றால் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. சேறும் உமியும் அதற்குப் போதும். மெல்லிய கம்பியால் குத்தித் துப்புரவாக்கினால் வண்டி ஓடும்.