கள்ளக் குடியேற்றமும் கடன் கொப்பியும்

வெளிநாட்டிலிருந்து சரக்கு வந்தால் சுங்கம் பார்க்கிறது. பில்லும் தீர்வையும் சரியாக இருந்தால்தான் பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியே வரும். ஆட்கள் வருவதற்கும் போவதற்கும் இப்படியொரு ஏற்பாடு உண்டு. அதைப் பார்ப்பது குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம். சரக்கில் தவறு நடந்தால் நட்டம் பணத்தோடு போய்விடும். ஆட்கள் விடயத்தில் தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதை ஊவாவில் கடை வைத்திருக்கும் எமக்கு எமது தகப்பன்மாரின் கடன் கொப்பிகளே சொல்லும்.

எந்த நாடும் கள்ளக் குடியேற்றத்தை மூன்று இடங்களில் தடுக்கப் பார்க்கிறது. ஒன்று எல்லை. இரண்டு பதிவேடு. மூன்று நாட்டுக்குள்ளே நடக்கும் சோதனையும் நாடு கடத்தலும்.

எல்லையில் காவல்

வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்தார்கள். மண்டபம் முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். சுதந்திரத்தின் பின் நிலைமை மாறியது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1949 நவம்பரில் தனித் திணைக்களம் அமைந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீற்றர்தான். தோணியில் வருவோரைத் தடுக்க 1952இல் இராணுவம் இறக்கப்பட்டது. 1963இல் அதற்கென்றே தனிப் படைப்பிரிவு அமைக்கப்பட்டு, 1981 வரை இயங்கியது.

தன் கரையைக் காப்பது ஒரு நாட்டின் உரிமை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 'கள்ளத்தோணி' என்ற பெயர் கரையோடு நிற்கவில்லை. மலையேறி வந்து, பதுளையில் பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளியின் முதுகிலும் ஒட்டிக்கொண்டது.

பதிவேட்டில் பிழை

இதற்குக் காரணம் பதிவேடு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கு பிறந்தது மட்டும் போதாது. தகப்பனோ அதற்கு முந்திய தலைமுறைகளோ இங்கு பிறந்ததையும் நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவரின் தகப்பனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எங்கே தேடுவது? 1949இல் இந்திய, பாகிஸ்தானியருக்கெனத் தனிச் சட்டம் வந்தது. தொடர்ச்சியாக இத்தனை வருடம் வசித்ததாகக் காட்ட வேண்டும் என்றது. சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

எமது சமூகத்தையும் இது விடவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வந்து கடை நடத்தியவர்கள் தற்காலிக வதிவிட அனுமதியில் இருந்தார்கள். அது புதுப்பிக்கப்படாவிட்டால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சரக்கு ஏற்றுவதுபோல ஆட்களுக்கும் எண்ணிக்கை போட்டார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது, எமது கடைக்கு மூன்று தலைமுறையாக வாடிக்கையாக இருந்த ஒரு தோட்டக் குடும்பம் இப்படிப் போனது. அந்த வீட்டுக் கிழவியைத் தவிர வேறு எவரும் இந்தியாவைக் கண்டதில்லை. மாட்டை விற்று, கடனைச் சதம் மீதியில்லாமல் தீர்த்துவிட்டுத்தான் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். வாப்பா கொப்பியில் அந்தப் பெயரை வெட்டிவிட்டுச் சொன்னார்: "இவங்க இங்க இருந்ததுக்கு என்ட கொப்பி சாட்சி. ஆனா எந்தக் கந்தோரும் என்ட கொப்பியைக் கேக்கல்ல."

1984இல் கப்பல் நின்றது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் மீதிப் பேருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்களது சந்ததியினரும் பிரஜைகள் என்றது 2003ஆம் ஆண்டுச் சட்டம். பிழையைத் திருத்த 55 வருடங்கள்!

இன்று எமது பிள்ளைகள்

அதே தராசில் இன்று எமது பிள்ளைகள் நிற்கிறார்கள். தோட்டத்திலிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண் முறைப்படி விசாவில்தான் போகிறாள். சம்பளம் தராத வீட்டை விட்டு வெளியேறினால், 'ஓடிப்போனவள்' என்று எசமான் அறிவித்துவிடுகிறார். அன்றிலிருந்து அவள் சட்டவிரோதமாகத் தங்கியவள். ஆள் மாறவில்லை, பத்திரம்தான் மாறியது. வேறு சிலர் கடலையே நம்புகிறார்கள். 2022 நவம்பரில் வியட்நாம் கடலில் பழுதான கப்பலிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்டது நினைவிருக்கும்.

கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கலாம். ஆனால் பத்திரத்தைச் சரிசெய்ய ஒரு வாசலும் திறந்திருக்க வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியம் 2024 செப்டெம்பரிலிருந்து டிசெம்பர் வரை பொதுமன்னிப்பு கொடுத்தது. விசா காலாவதியானவர்கள் தண்டப்பணம் இல்லாமல் பதிவைச் சரிசெய்யவோ ஊர் திரும்பவோ முடிந்தது. அரசுக்கும் கணக்குச் சரியானது, ஆளுக்கும் வழி பிறந்தது.

வியாபாரிகளாகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வெளிநாடு போகக் கடன் கேட்டு வருபவரிடம், முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போவதற்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பணமும் போகும், பிள்ளையும் மாட்டிக்கொள்ளும். கடையில் நிற்கும் பையனுக்குப் பிறப்புப் பதிவு இல்லையென்றால், ஒருநாள் லீவு கொடுத்துப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புங்கள். காலங்கடந்த பதிவு செய்ய வழியிருக்கிறது.

எமது கொப்பியை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கப்போவது அவனுடைய பத்திரத்தைத்தான்.